பத்து மில்லிமீற்றர் களனிவெளி

கொழும்பின் வெள்ளவத்தையில் கடலோரமாக ஓடும் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,676 மி.மீ. இருக்கும். அங்கிருந்து உள்ளே வந்தால் கிருலப்பனை புகையிரத நிலையம். அங்கேயும் இன்று அதே அகலம்தான். ஆனால் 1990கள் வரை கிருலப்பனையால் ஓடியது 762 மி.மீ. அகலமுள்ள குறுகிய பாதை. இரண்டு அடி ஆறு அங்குலம். வளர்ந்த ஒருவர் கையை நீட்டினால் ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதைத் தொட்டுவிடலாம். மருதானையிலிருந்து நாரஹேன்பிட்ட, கிருலப்பனை, நுகேகொட, மஹரகம, ஹோமாகம, பாதுக்க, வக என்று நீண்டு அவிசாவளைக்குப் போன களனிவெளிப் பாதை அது. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் அந்த ஒடுங்கிய தண்டவாளத்தில் தேயிலையும் இறப்பரும் கொழும்புக்கு வந்தன. அரிசியும் உரமும் தோட்டங்களுக்குப் போயின.

அந்தச் சரக்குப் பெட்டிகளைச் சிறிய அளவில் திரும்பச் செய்ய முடியுமா? செய்தால் எதைச் சரியாகச் செய்ய வேண்டும்? மாதிரி ரயில் செய்பவர்களில் பலர் பலகை இடுக்குகளையும் ஆணித் தலைகளையும் எண்ணுவதில் இரவுகளைக் கழிக்கிறார்கள். என் கணக்கில் அவை கடைசி வரிசையில் நிற்க வேண்டியவை. முதலில் விகிதம், அடுத்து ஆண்டு, பிறகு சுமை, அதன்பின் நிறம். நுணுக்கம் எல்லாவற்றுக்கும் பின்னால். வரிசை மாறினால், எவ்வளவு நுட்பமான வேலையாக இருந்தாலும் அது களனிவெளிப் பெட்டியாகாது. வேறெங்கோ ஓடிய ஏதோவொரு பெட்டியாகிவிடும்.

விகிதத்தில் தொடங்குவோம். பிரித்தானிய வழக்கில் மாதிரி செய்பவர்கள் பெரும்பாலும் ஓர் அடியை 4 மி.மீ. ஆகச் சுருக்குகிறார்கள். அதாவது 76.2இல் ஒரு பங்கு. இந்த அளவில் இரண்டரை அடி சரியாக 10 மி.மீ. ஆகிறது. வெள்ளவத்தைப் பாதையின் ஐந்தரை அடி 22 மி.மீ. ஆகிறது. தசமப் புள்ளியே வேண்டாத, கணக்குக்கு இவ்வளவு வசதியான அளவு நம் பாதைகளுக்கு அமைந்ததே என்று நான் வியந்ததுண்டு.

ஆனால் கடையில் கிடைப்பது 10 மி.மீ. பாதையல்ல, 9 மி.மீ. பாதை. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1960களில் ஜேர்மனியில் ‘என்’ எனப்படும் மிகச் சிறிய மாதிரி ரயில்கள் சந்தைக்கு வந்தன. அவை 160இல் ஒரு பங்கு அளவுடையவை. ஐரோப்பாவின் வழமையான 1,435 மி.மீ. பாதையை 160ஆல் வகுத்தால் 8.97 வரும். ஆகவே 9 மி.மீ. அகலத்தில் சக்கரங்களும் மோட்டார்களும் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. குறுகிய பாதை ஆர்வலர்கள் அந்தச் சக்கரங்களை வாங்கி, அவற்றின்மேல் 4 மி.மீ. அளவுப் பெட்டிகளை ஏற்றினார்கள். ‘டபிள் ஓ நைன்’ என்ற மரபு இப்படிப் பிறந்தது. பிரித்தானியாவில் அதற்கென ஒரு சங்கமே 1973 முதல் இயங்குகிறது. வேல்ஸ் மலைகளின் இரண்டடிப் பாதைகளைச் செய்பவருக்கு 8 மி.மீ. வேண்டும், அவருக்கு 9 சற்று அதிகம். களனிவெளியைச் செய்பவருக்கு 10 வேண்டும். அவருக்கு 9 சற்றுக் குறைவு.

ஒரு மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். அது பத்து வீதம். 9 மி.மீ.யை மீண்டும் 76.2ஆல் பெருக்கினால் 686 மி.மீ. வருகிறது. உண்மைப் பாதையில் 76 மி.மீ. காணாமற் போய்விட்டது. இதன் விளைவு தண்டவாளத்தில் தெரிவதைவிடப் பெட்டியில் அதிகம் தெரியும். எவரார்ட் கால்த்ரொப் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் மகாராஷ்டிரத்தின் பார்சி பாதைக்காக வடிவமைத்த சரக்குப் பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். அதுவும் இரண்டரை அடிப் பாதை; 1897இல் திறந்தது; களனிவெளியை விட ஐந்தே ஆண்டு மூத்தது. அதன் பெட்டிகளின் அடிச்சட்டம் 25 அடி நீளம், 7 அடி அகலம். தண்டவாள இடைவெளியைப் போல் 2.8 மடங்கு அகலமான பெட்டி. மாதிரியில் அது 100 மி.மீ. நீளமும் 28 மி.மீ. அகலமும் ஆகிறது. 10 மி.மீ. பாதையில் வைத்தால் விகிதம் அதே 2.8. 9 மி.மீ. பாதையில் வைத்தால் 3.1. அந்தச் சிறு வித்தியாசத்தைக் கண் உடனே பிடித்துவிடும். பெட்டி தன் கால்களுக்கு மிஞ்சிப் பருத்ததுபோல் நிற்கும்.

இந்த 2.8 என்ற எண் சும்மா வந்ததல்ல. குறுகிய பாதையின் முழுப் பௌதிகமும் அதற்குள் இருக்கிறது. சுமையேற்றிய ஒரு பெட்டியின் ஈர்ப்பு மையம் தண்டவாளத்திலிருந்து 1.2 மீற்றர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். தண்டவாள இடைவெளியின் பாதி 381 மி.மீ. இரண்டையும் வகுத்தால் ஏறத்தாழ 0.32. பக்கவாட்டு விசை பெட்டியின் எடையில் 32 வீதத்தை எட்டினால் அது கவிழத் தொடங்கும் என்பது இதன் பொருள். வெளித் தண்டவாளம் உயர்த்தப்படாத, 100 மீற்றர் ஆரமுள்ள ஒரு வளைவில் அந்த விசை மணிக்கு 63 கி.மீ. வேகத்தில் வந்துவிடும். சுமை ஒரு பக்கம் சரிந்திருந்தாலோ தண்டவாளம் சற்று அமிழ்ந்திருந்தாலோ அதற்கு வெகு முன்பே ஆபத்து. ஆகவே வேகத்தைக் குறைத்தார்கள், சக்கரங்களைச் சிறிதாக்கினார்கள், தரைப் பலகையைத் தாழ்த்தினார்கள். குறுகிய பாதைப் பெட்டி குந்தியிருப்பது போலத் தெரிவது இதனால்தான். அகலப் பாதைப் பெட்டியின் படத்தை எடுத்துச் சும்மா சுருக்கினால் இந்தத் தோற்றம் வரவே வராது.

கால்த்ரொப் இன்னொரு விடயத்தையும் தெளிவாகச் சொன்னார். எஞ்சினானாலும் சரக்குப் பெட்டியானாலும் ஓர் அச்சில் 5 தொன்னுக்கு மேல் இறங்கக்கூடாது. எல்லா அச்சுகளும் ஒரே பாரத்தைச் சுமந்தால், ஒரு யார் நீளத்துக்கு 30 இறாத்தல் நிறையுள்ள இலேசான தண்டவாளமே போதும். பாலங்களையும் மலிவாகக் கட்டலாம். நான்கு அச்சுள்ள பெட்டி, சுமையோடு சேர்த்து 20 தொன் வரை போகலாம். மலையடிவாரத்துத் தோட்டங்களுக்குப் பாதை போட நினைத்த அரசுகளுக்கு இந்தக் கணக்கு இனித்தது. நம் பக்கத்திலேயே தர்மபுரி, கிருஷ்ணகிரி ஊர்களுக்கும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டரை அடிப் பாதைகள் போடப்பட்டன. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை ஏறிய பாதையும் அதே அகலம்தான்.

தண்டவாளத்தின் உயரமும் பெட்டியின் தோற்றத்தை மாற்றும். 30 இறாத்தல் தண்டவாளம் ஏறத்தாழ 79 மி.மீ. உயரம். மாதிரியில் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 9 மி.மீ. பாதையில் பூட்டியிருப்பது ‘கோட் 80’ தண்டவாளம். அதன் உயரம் 2.03 மி.மீ. இதை உண்மை அளவுக்குப் பெருக்கினால் 155 மி.மீ. இன்றைய அகலப் பாதைகளில் பாரமான விரைவு வண்டிகள் ஓடும் 52 கிலோத் தண்டவாளத்தின் உயரம் அது. தோட்டத்து இலேசான பாதையின் மேல் ஓடவேண்டிய பெட்டியை இவ்வளவு பெரிய இரும்பின்மேல் நிறுத்தினால், பெட்டியில் எவ்வளவு பாடுபட்டிருந்தாலும் வீண். ‘கோட் 55’ அல்லது ‘கோட் 40’ தேடி எடுப்பதே நல்லது. அப்படி எடுத்தால் சக்கர விளிம்பையும் மெலிதாக்க வேண்டும். உண்மைச் சக்கரத்தின் விளிம்பு ஏறத்தாழ 3 செ.மீ. ஆழம், மாதிரியில் அது 0.4 மி.மீ. ஆனால் விற்பனைச் சக்கரங்களில் அது 0.6 மி.மீ. அல்லது அதற்கு மேல். ஆழமான விளிம்பு தாழ்ந்த தண்டவாளத்தின் ஆணிகளில் இடித்துத் துள்ளும்.

வேறு வழியும் இருக்கிறது. சக்கரத்தை மாற்ற மனமில்லாதவர் அளவையே மாற்றலாம். ஐரோப்பாவில் வழங்கும் எச்ஓ அளவு 87இல் ஒரு பங்கு. 762ஐ 87ஆல் வகுத்தால் 8.76. இப்போது 9 மி.மீ. பாதையில் பிழை கால் மில்லிமீற்றருக்கும் குறைவு. தனியாக அவிசாவளையையோ பாதுக்கவையோ செய்பவருக்கு இதுவே சிறந்த வழி என்று நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் மருதானையைச் செய்பவருக்கு இது உதவாது. அங்கே அகலப் பாதையும் குறுகிய பாதையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எச்ஓவில் அகலப் பாதை 19.3 மி.மீ. ஆக வேண்டும், கடையில் கிடைப்பதோ 16.5. உண்மையில் அகலப் பாதை குறுகியதைப்போல் 2.2 மடங்கு. 16.5ஐயும் 9ஐயும் வாங்கி வைத்தால் 1.83 மடங்குதான். மருதானையில் நின்ற எவருக்கும் முதலில் கண்ணில் பட்டிருக்கக்கூடியது அந்த இரண்டு பாதைகளின் ஏற்றத்தாழ்வு. அதுவே மழுங்கிப் போகிறது. அங்கே 22க்கும் 10க்கும் கையால் பாதை போடுவதைத் தவிர வேறு நேர்மையான வழி இல்லை. அடிக்கட்டைகளைச் செப்புத் தகடு பதித்த பலகையில் வெட்டி, தண்டவாளத்தை ஈயப்பற்றால் ஒட்டி, நேர் அளவுச் சட்டம் வைத்துச் சரிபார்த்துப் போடுவது ஒன்றும் எட்டாத வேலையல்ல. மெதுவான வேலை, அவ்வளவுதான்.

ஆண்டுக்கு வருவோம். ஒரு சரக்குப் பெட்டி வெறுமனே களனிவெளிப் பெட்டியாக இருக்க முடியாது. ஏதோவோர் ஆண்டின் களனிவெளிப் பெட்டியாகத்தான் இருக்க முடியும். பாதை 1902இல் அவிசாவளைக்கு வந்தது. அடுத்த ஆண்டு எட்டியாந்தோட்டை. இன்னொரு கிளை 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஒப்பநாயக்கவுக்கும் எட்டியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், எட்டியாந்தோட்டைப் பகுதி மூடப்பட்டது, தண்டவாளங்கள் பிடுங்கப்பட்டன. அவிசாவளைக்கு அப்பாலுள்ள இரத்தினபுரிப் பகுதி 1976இல் நின்றது. எஞ்சியது 1990களில் அகலப்படுத்தப்பட்டது. ஆகவே எட்டியாந்தோட்டை நிலையத்தில் டீசல் எஞ்சின் நிற்கும் ஒரு மாதிரி, எவ்வளவு அழகாக இருந்தாலும், நடந்திருக்க முடியாத ஒரு நாளைக் காட்டுகிறது. குறுகிய பாதைக்கு டீசல் எஞ்சின்கள் வந்தபோது எட்டியாந்தோட்டையில் தண்டவாளமே இல்லை. 1920களில் ஓடத் தொடங்கிய சென்டினல் நீராவி ரயில்கார்களை அங்கே நிறுத்தலாம். 1903இன் திறப்பு விழாக் காட்சியில் நிறுத்தக்கூடாது.

எழுத்துகளும் ஆண்டைச் சொல்லும். ‘சிலோன் கவர்ன்மென்ட் ரெயில்வே’யைக் குறிக்கும் சீ.ஜீ.ஆர். என்ற முத்திரை இலங்கை, ‘சிலோன்’ என்ற பெயரில் இருந்த காலத்துக்குரியது. 1972இல் நாட்டின் பெயர் மாறியது. ஆனால் பெயர் மாறிய மறுநாளே யாரும் ஒவ்வொரு பெட்டியாகத் தேடிப் போய் வர்ணம் பூசமாட்டார்கள். சரக்குப் பெட்டி திருத்த வேலைக்குப் போகும்போதுதான் புது எழுத்து வரும். 1974ஆம் ஆண்டைக் காட்டும் தொடரில் எல்லாப் பெட்டிகளிலும் புதிய எழுத்து இருந்தால் அதுவும் பிழைதான். பழையதும் புதியதும் கலந்திருப்பதே உண்மைக்குக் கிட்ட வரும்.

சுமை பற்றி மாதிரிக்காரர்கள் குறைவாகவே பேசுகிறார்கள். எனக்கோ இதுவே மிகப் பிடித்த பகுதி. பெட்டியின் வடிவத்தைத் தீர்மானிப்பது அதற்குள் போகும் பொருளின் அடர்த்திதான். ஒரு தேயிலைப் பெட்டி, பிற்காலத்துப் பொது அளவில், 50 செ.மீ. சதுர அடியும் 75 செ.மீ. உயரமும் உடையது. உள்ளே ஏறத்தாழ 50 கிலோ. அதாவது ஒரு கனமீற்றருக்கு 270 கிலோ அளவு. தண்ணீரின் அடர்த்தியில் கால்வாசி சொச்சம். 18 கனமீற்றர் கொள்ளும் ஒரு சிறிய மூடிய பெட்டியில் இடைவெளியே விடாமல் அடுக்கினாலும் 96 தேயிலைப் பெட்டிகள்தான் ஏறும். நிறை 5 தொன்னைத் தொடாது. வண்டி நிரம்பிவிடும், வில்லுகள் அதிகம் தாழாது. அதே வண்டியில் கேகாலைப் பக்கத்துக் காரீயத்தை ஏற்றினால் தரையில் ஒரு வரிசை பீப்பாய் வைத்ததுமே அச்சுகளின் எல்லை நெருங்கிவிடும். மேலே வெற்றிடம், கீழே வில்லுகள் அமிழ்ந்திருக்கும். மாதிரியில் இதைக் காட்டலாம்: தேயிலை வண்டியின் முனைத் தாங்கிகள் (பஃபர்கள்) சற்று உயர்ந்தும், பாரமான சரக்கு வண்டியினுடையவை தாழ்ந்தும் இருக்க வேண்டும். உண்மையில் 2 செ.மீ. தாழ்வு, மாதிரியில் 0.26 மி.மீ. ஒரே தொடரில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண் கண்டுகொள்ளும்.

தேயிலை ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும் பொருள். களனிப் பள்ளத்தாக்கிலோ ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை. ஆகவே தேயிலைக்கு மூடிய பெட்டி, நெருக்கமான கதவு, ஒழுகாத கூரை வேண்டும். திறந்த பெட்டியில் தேயிலைப் பெட்டிகளை அடுக்கி வைத்த மாதிரிகளைப் படங்களில் பார்த்திருக்கிறேன்; படுதா போர்த்தாமல் அப்படி அனுப்பியிருந்தால் தோட்டத்துரைக்கு அந்த மாதம் இலாபமே இருந்திருக்காது. இறப்பருக்கு வேறொரு எச்சரிக்கை. 1903இல் எட்டியாந்தோட்டைக்கு வண்டி வந்தபோது அங்கே அரசு செய்தது தேயிலை. இறப்பர் விலை உச்சத்தைத் தொட்டது 1910இல். புதிதாய் நட்ட மரங்களில் பால் வெட்ட ஆறேழு ஆண்டுகள் ஆகும். 1903ஆம் ஆண்டுத் தொடரில் இறப்பர்க் கட்டுகள் நிறைந்திருந்தால் அவை காலத்துக்கு முந்தி வந்துவிட்டன என்று அர்த்தம்.

மேலே போகும் வண்டிகளையும் மறந்துவிடக் கூடாது. தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு வேண்டிய அரிசி அங்கே விளையவில்லை. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்து, கொழும்பில் இறங்கி, மேலே ஏறியது. அரிசி மூட்டைகள், உர மூட்டைகள், தேயிலைப் பெட்டி செய்யும் பலகைகள், இயந்திரப் பாகங்கள். களனிவெளியின் சரக்குத் தொடர் மேலே வெறுமையாகப் போய்க் கீழே நிறைந்து வந்ததாகக் காட்டும் மாதிரி, அந்த மக்கள் சாப்பிட்டதையே விட்டுவிடுகிறது. 90 செ.மீ. நீளமான ஒரு சாக்கு மாதிரியில் 12 மி.மீ. களிமண்ணால் உருட்டி, ஈரமாக இருக்கும்போதே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உண்மை மூட்டைகள் அமுங்குவதுபோலவே அமுங்கும். காய்ந்த மூட்டைகளை அடுக்கினால் உருளைக் கட்டைகள் போல நிற்கும்.

நிறம். இங்கேதான் பழைய படங்கள் நம்மை வழிதவறச் செய்யும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொதுவான படத்தட்டுகள் நீல ஒளியைத்தான் உணர்ந்தன. பிறகு வந்த ஓர்தோக்குரோமற்றிக் தட்டுகள் பச்சையையும் உணர்ந்தன, சிவப்பை உணரவில்லை. சிவப்பு ஒளி தட்டில் பதியாது; ஆகவே சிவப்புப் பொருள் படத்தில் கறுப்பாகத் தெரியும். நீலமோ வெளிறித் தெரியும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமற்றிக் தட்டுகள் 1906 அளவில் விற்பனைக்கு வந்தாலும், பரவலாகப் புழங்கியது 1920களுக்குப் பிறகே. பல நாடுகளில் சரக்குப் பெட்டிகளுக்கு மலிவான அயன் ஒக்சைட்டுச் சிவப்பைப் பூசினார்கள். அத்தகைய பெட்டியின் 1905ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்து, கறுப்பு என்று முடிவுகட்டி, கறுப்பே பூசியவர்கள் உண்டு. இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அதே படத்தில் நிறம் தெரிந்த வேறு பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். கொடிகாட்டுபவரின் சிவப்புக் கொடி பெட்டியைப் போலவே கருமையாகத் தெரிந்தால், பெட்டியும் சிவப்பாக இருந்திருக்க இடமுண்டு. செம்பூரான் மண் மேடு எப்படி விழுந்திருக்கிறது என்றும் பார்க்கலாம்.

தொழிற்சாலைப் படங்கள் இன்னொரு வகைப் பொறி. பிரித்தானியத் தொழிற்சாலைகளில் எஞ்சினை அனுப்புமுன் படம் எடுப்பதற்காகவே சாம்பல் வர்ணம் பூசி, எழுத்துகளை வெள்ளையில் தீட்டுவது வழக்கம். கோடுகள் தெளிவாக விழும் என்பதற்காக. படம் எடுத்தபின் உண்மை வர்ணம் ஏறும். அளவுக்கு அந்தப் படத்தைவிட நல்ல சான்று இல்லை. நிறத்துக்கு அது சான்றே இல்லை.

படத்திலிருந்து அளவெடுப்பதையும் சற்றுக் கிட்ட நின்று பார்ப்போம், ஏனென்றால் வரைபடம் கிடைக்காத பெட்டிக்கு இதுவே துணை. பெட்டியின் முனைப்பக்கத்தை நேராகக் காட்டும் ஒரு படம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு நேர் கீழே தண்டவாள இடைவெளி அச்சில் 19 மி.மீ.; பெட்டியின் அகலம் 52 மி.மீ. உண்மை இடைவெளி 762 என்று நமக்குத் தெரியும். 762ஐ 19ஆல் வகுத்து 52ஆல் பெருக்கினால் 2,085 மி.மீ.; ஆறடி பத்தங்குலம். அழகான கணக்கு. ஆனால் தண்டவாளத்தைப் பெட்டியின் முனைக்கு நேர் கீழே அளக்காமல், படத்தில் தெளிவாகத் தெரிகிறது என்பதற்காகக் கமராவை நோக்கி ஒரு மீற்றர் முன்னால் அளந்தால்? கமரா பெட்டியிலிருந்து 10 மீற்றரில் இருந்திருந்தால், முன்னாலுள்ள இடைவெளி ஒன்பதில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கணக்கில் பெட்டி 1,877 மி.மீ. ஆகிவிடும். 20 செ.மீ.க்கு மேல் போய்விட்டது! குறுகிய பாதைப் பெட்டிகளின் பழைய மாதிரிகள் பல ஒல்லியாக இருப்பதற்கு இந்த ஒரு பிழையே போதுமான காரணம்.

இனி பலகை இடுக்கு. 4 மி.மீ. அளவு மாதிரியை 60 செ.மீ. தூரத்தில் பார்ப்பது, உண்மைப் பெட்டியை 46 மீற்றர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். பலகைகளுக்கிடையே 6 மி.மீ. இடுக்கு இருந்தால் அது அங்கிருந்து அரைக் கலைக்கும் (ஒரு கலை என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு) குறைவான கோணத்தையே அடைக்கும். நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ ஒரு கலை. அதாவது இடுக்கு இடுக்காகத் தெரியக்கூடாது. மெல்லிய நிழலாக உணரப்பட்டால் போதும். மாதிரியில் அந்த இடுக்கு 0.08 மி.மீ., ஒரு தலைமயிரின் தடிப்பு. ஆனால் பிளாஸ்டிக் அச்சுகளில் கால் மில்லிமீற்றர் அகலத்துக்கு வெட்டுகிறார்கள். பெருக்கிப் பார்த்தால் இரண்டு செ.மீ. இடுக்கு, அரிசி மூட்டையிலிருந்து பாதி அரிசி வழியிலேயே கொட்டிவிடும். முப்பரிமாண அச்சில் வரும் பெட்டிகளுக்கு வேறு பிரச்சினை. 0.05 மி.மீ. அடுக்குகள் கூட உண்மை அளவில் 4 மி.மீ. படிகளாகும். தேய்க்காமல் வர்ணம் பூசினால் வளைந்த கூரையில் அவை வரம்புகள்போல் தெரியும்.

ஒரு விடயத்தில் எந்த மாதிரியும் உண்மையாக இருக்க முடியாது. அது அசைவு. நீளம் 76.2 மடங்கு குறைந்தால் கனவளவு அதன் மும்மடி குறையும். 10 தொன் பெட்டி 23 கிராம் ஆகிவிடும். ஈர்ப்பு மட்டும் சுருங்காது. ஊசல்போல் ஆடும் எதுவும் நீளத்தின் வர்க்கமூலப்படி வேகமெடுக்கும். ஆகவே உண்மைப் பெட்டி ஒரு செக்கனில் ஆடும் ஆட்டத்தை மாதிரி 0.11 செக்கனில் ஆடிவிடும். கனமான பெட்டி வளைவில் சோம்பலாகச் சாய்ந்து நிமிரும் அந்த நடை வரவே வராது. வெறும் அதிர்வுதான் வரும். சினிமாக்காரர்கள் சிற்றுருக்களை வேகமாகப் படம்பிடித்து மெதுவாகக் காட்டுவது இதற்காகத்தான். 76.2இன் வர்க்கமூலம் 8.7. கைபேசியிலேயே வினாடிக்கு 240 படங்கள் எடுத்து வழமையான வேகத்தில் காட்டினால் பெட்டிக்குத் தன் பாரம் திரும்பக் கிடைத்துவிடும். பாதையில் தடம்புரளாமல் ஓடுவதற்குப் பெட்டிக்குள் சிறு ஈயத்துண்டு வைப்பது பிழையல்ல; அதைத் தரைக்குக் கீழே, அச்சுகளுக்கு மேலே வைத்தால் நல்லது.

வளைவு இன்னொரு சோதனை. களனிவெளியை அகலப்படுத்தியபோது பாதை பெரும்பாலும் பழைய தடத்திலேயே போடப்பட்டது. ஆகவே குறுகிய பாதைக்கென்று வெட்டிய கூர்மையான வளைவுகளில்தான் இன்றும் அகலப் பாதை வண்டிகள் மெதுவாகத் திரும்புகின்றன. கிருலப்பனைப் பயணிகள் சலித்துக்கொள்ளும் அந்த மெதுவான பயணமே மாதிரி செய்பவருக்குச் சொத்து. பழைய தடத்தின் வடிவம் அழியாமல் இருக்கிறது. தண்டவாளத்தில் இறங்கவேண்டிய தேவையில்லை, இறங்கவும் கூடாது. செய்மதிப் படத்தில் ஒரு வளைவின் இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணையுங்கள். கோட்டின் நீளம் 20 மீற்றர், நடுவில் வளைவு அதிலிருந்து விலகும் தூரம் அரை மீற்றர் என்றால், நீளத்தின் வர்க்கத்தை விலகலின் எட்டு மடங்கால் வகுக்க ஆரம் 100 மீற்றர் வரும். மாதிரியில் அது 1.3 மீற்றர். கடையில் வாங்கும் 9 அங்குல ஆர வளைவோ உண்மையில் 17 மீற்றர்தான். களனிவெளி போன்ற பயணிகள் பாதைக்கு அது மிகமிகக் கூர்மையான வளைவு. அந்த வளைவில் ஓடவைப்பதற்காகவே பெட்டிகளின் படிக்கட்டுகளும் தடுப்புக் கோல்களும் வெட்டி எறியப்படுகின்றன. குறுகிய பாதைகளில் பெட்டிகளைக் கோர்க்க முனையின் நடுவில் ஒரே தாங்கி வைப்பார்கள். அகலப் பாதையைப்போல் இரு பக்கமும் வைத்தால் கூர்வளைவில் ஒரு பக்கத் தாங்கிகள் சிக்கிப் பெட்டியையே தூக்கிவிடும். மாதிரியிலும் நடுத் தாங்கியை வைத்துவிட்டு வளைவைப் பெரிதாக்குவதே முறை, பெட்டியை வெட்டுவதல்ல.

கடுகண்ணாவையில் 2014 டிசெம்பரில் திறந்த தேசிய புகையிரத அருங்காட்சியகத்தில் குறுகிய பாதை எஞ்சின்கள் நிற்கின்றன. கண்டிக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கலாம். எஞ்சினின் முகத்தைப் படம் எடுப்பதோடு நின்றுவிடாமல், அளவு நாடா ஒன்றைக் கொண்டுபோய், அனுமதி கேட்டு, சக்கர விட்டம், தாங்கியின் உயரம், அச்சுகளின் இடைவெளி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தாங்கியின் உயரம் ஒன்று தெரிந்தாலே போதும். எஞ்சினோடு பூட்டிய ஒவ்வொரு சரக்குப் பெட்டியின் தாங்கியும் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் இருந்திருக்கும். அங்கிருந்து அடிச்சட்டம், அதிலிருந்து தரை, அதிலிருந்து கதவு என்று மேலே ஏறலாம்.

கொழும்பிலும் அவிசாவளைப் பக்கத்திலும் அந்தப் பாதையில் வேலை செய்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போனால் பொதுவாகக் கேட்காமல், கைக்கு நினைவிருக்கும் விடயங்களாகக் கேட்க வேண்டும். கதவு தள்ளுவதா, திறப்பதா? நிலத்தில் நின்றபடி பூட்டை எட்ட முடிந்ததா, ஏறவேண்டியிருந்ததா? கைத்தடுப்புக் கோல் பெட்டியின் ஒரு பக்கம் மட்டுமா, இரு பக்கமுமா? மூட்டையோடு தலை குனியாமல் உள்ளே போகலாமா? ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் மூட்டையில்லாதபோதும் குனிந்துதான் போனேன் என்று சொன்னால், கதவின் உயரம் மாதிரியில் 22 மி.மீ.க்குக் குறைவு.